வெற்றுக் கட்டங்களும் வரலாறும்: 2001ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பை முன்வைத்து ஒரு குறிப்பு

புள்ளிவிபர அட்டவணையொன்றில் வெறுமையாகக் கிடக்கும் கட்டத்துக்கும் ஒரு சமூகக் காரணம் உண்டு. கணினிவழித் தரவுச் சீராக்கத்தைத் தொழினுட்ப வினையாக மாத்திரம் கொள்வோர் இதனைப் பெரும்பாலும் கருத்திற் கொள்வதில்லை.

இலங்கையில் 1871 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெற்றுவந்த குடிசனமதிப்பு, 1981க்குப் பின் தடைப்பட்டது. 1991இல் அது நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மாத்திரமே முழுமையாக நிறைவேறிற்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களிலும் போர்ச்சூழல் காரணமாக எண்ணுகை முழுமை பெறவில்லை.

இந்த ஏழு நிரைகளையும் ஆய்வாளர் எவ்வாறு கையாள்வது? மூன்று வழிகள் வழக்கிலுள்ளன. முதலாவது, அவற்றை நீக்கிவிடுதல். அவ்வாறு செய்யின் 18 மாவட்டங்களின் நிலையே 'இலங்கை' என்னும் பெயரைப் பெற்றுவிடும். இரண்டாவது, ஏனையவற்றின் சராசரியை இட்டு நிரப்புதல். இது போர்க்களமான மாவட்டத்தைப் போர் காணாத மாவட்டமாகக் காட்டுவதாகும். மூன்றாவது, பழைய தொகையை வளர்ச்சி வீதத்தால் நீட்டிச் செல்லுதல். இன்றைய எல்லைப்படி 1981இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரமாக இருந்த யாழ்ப்பாண மாவட்டக் குடித்தொகை, 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரமாகக் குறைந்திருந்தது. அதே காலத்தில் நாட்டின் குடித்தொகையோ 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடியைக் கடந்தது. இடப்பெயர்வையும் புலப்பெயர்வையும் கணக்கிற் கொள்ளாத எச்சூத்திரமும் இவ்வீழ்ச்சியைக் காட்டியிராது.

பெறுமானம் ஏன் விடுபட்டது என்பதை அறியாது அதனைப் புறக்கணித்தல் எப்போதும் பொருந்தாது என்பதை டொனால்ட் ரூபின் 1976இல் கணிதமுறையில் நிறுவினார். செய்நிரல் மொழிகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 'ஆர்' மொழியில் ஒரு பெறுமானம் விடுபட்டிருப்பின், கூட்டுத்தொகையும் 'அறியப்படாதது' என்றே வரும். விடுபட்டதை நீக்குமாறு ஆய்வாளரே வெளிப்படையாகப் பணிக்க வேண்டும். பைதனின் 'பாண்டாஸ்' தொகுதியோ, வேறாகப் பணிக்காதவிடத்து, விடுபட்டதைத் தானாகவே தாண்டிக் கூட்டிவிடும். முன்னையது ஆய்வாளரைப் பொறுப்பேற்கச் செய்கிறது. பின்னையது முடிவெடுக்கப்பட்டதையே மறைத்துவிடுகிறது.

எனவே, வெற்றுக் கட்டத்தைப் பூச்சியத்தினின்றும் வேறுபடுத்தல் வேண்டும். எண்ணப்பட்டது எது, மதிப்பிடப்பட்டது எது, விடுபட்டமைக்குக் காரணம் யாது என்பவற்றைத் தனியொரு நிரலிற் பதிதல் வேண்டும். பாடசாலைகளும் மருத்துவமனைகளும் நிவாரணமும் தொகையை நோக்கியே பங்கிடப்படுகின்றன. அட்டவணையில் இடம்பெறாத மக்கள் அப்பங்கீட்டிலும் இடம்பெறாது போவர்.