தந்தைமை வழக்குகளும் மரபணுச் சான்றும்

தாய் யார் என்பதற்கு மகப்பேறே சான்று. தந்தை யார் என்பதற்கு அத்தகைய கண்கூடான சான்று இல்லை. ஆதலின், பண்டுதொட்டு நீதிமுறைகள் பலவும் திருமணத்தையே தந்தைமைக்குச் சான்றாகக் கொண்டன. 1872 ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் 112 ஆம் பிரிவு இக்கொள்கைக்கு வடிவம் தந்தது. செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கையிலோ, அது நீங்கியபின் தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாள்களுக்குள்ளோ பிறந்த குழந்தை கணவனுக்கு உரியதே. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடுதற்கு வாய்ப்பே இல்லையென மெய்ப்பித்தாலன்றி அதனை மறுக்கலாகாது. இதுவே அப்பிரிவின் சாரம்.

இப்பிரிவு எண்ணும் மாறாமல் 1895 இல் இலங்கைச் சட்டத்திலும், 1950 இல் மலாயாச் சட்டத்திலும் இடம்பெற்றது. சென்னையில் பிறந்த குழந்தைக்கும், கல்முனையில் பிறந்த குழந்தைக்கும், பினாங்கில் பிறந்த குழந்தைக்கும் சான்றுச் சட்டம் வகுத்த விதி ஒன்றே. உண்மையைத் துருவித் தேடுவதைக் காட்டிலும், குழந்தையின்மேல் பழி விழாமல் காப்பதே அவ்விதியின் நோக்கம். அறிவியல் வளர்ந்தபோது இந்நோக்கத்திற்கு ஒரு சோதனை வந்தது.

குருதிவகைச் சான்று

1901 இல் வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் குருதியின் வகைகளைக் கண்டறிந்தார். குருதிவகை பெற்றோரிடமிருந்து மக்களுக்கு வருவது. எனவே ஒருவன் தந்தையாக இருக்க இயலாது என்பதைச் சில வேளைகளில் அதனைக்கொண்டு உறுதியாகச் சொல்லலாம். அவனே தந்தை என்று சொல்ல இயலாது. ஒரே குருதிவகை உடையோர் உலகில் கோடிக்கணக்கில் உளர் அன்றோ?

நடிகர் சார்லி சாப்ளின்மீது அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட தந்தைமை வழக்கு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தாயின் குருதி ஏ வகை. குழந்தையினது பி வகை. சாப்ளினுடையது ஓ வகை. தாயிடம் இல்லாத பி கூறு தந்தையிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். சாப்ளினிடமோ அக்கூறு இல்லை. ஆயினும் 1945 இல் நடுவர் குழு அவரையே தந்தை என முடிவு கூறியது. அக்காலக் கலிபோர்னியச் சட்டத்தில் குருதிச் சான்று முடிவான சான்றாக இல்லாமையே காரணம். அறிவியல் தெளிவாக இருப்பினும், அதற்கு நீதிமன்றம் தரும் மதிப்பு வேறு என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

தலைச்சேரியும் கல்முனையும்

1984 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து அறிஞர் அலெக் ஜெஃப்ரீஸ், டி.என்.ஏ. எனப்படும் மரபணுப் பொருளில் ஆளுக்கு ஆள் வேறுபடும் கோலங்களைக் கண்டார். மறு ஆண்டே, கானாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிய ஒரு சிறுவன் தன் தாய்க்கு உண்மை மகனே என்பதை இம்முறை நிலைநாட்டியது.

இந்தியாவில் இத்துறைக்கு அடிகோலியவர் ஐதராபாத் அறிஞர் லால்ஜி சிங். கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றை ஆராய்ந்தபோது கிடைத்த மரபணுத் துண்டைக் கருவியாகக் கொண்டே அவர் மனிதரின் கோலங்களையும் படித்தார். கேரளத்துத் தலைச்சேரியில் ஒரு தாய் தன் குழந்தைக்காக வாழ்க்கைப்பொருள் கேட்டாள். அவள் சுட்டிய ஆடவன் தந்தைமையை மறுத்தான். ஐதராபாத்துச் சோதனை அவனே தந்தை எனக் காட்டிற்று. நீதிமன்றம் அதனை ஏற்றது. 1991 இல் கேரள உயர்நீதிமன்றமும் உடன்பட்டது. இந்திய நீதிமன்றத்தில் மரபணுவால் தந்தைமை நிலைநாட்டப்பட்ட முதல் வழக்காக இதுவே போற்றப்படுகிறது.

தலைச்சேரியில் மறுக்கப்பட்ட குழந்தை; கல்முனையிலோ பலரும் விரும்பிய குழந்தை. 2004 திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இலங்கையின் கீழ்க்கரையை அழித்த நாளில், இடிபாடுகளிடையே மீட்கப்பட்ட கைக்குழந்தை ஒன்று கல்முனை மருத்துவமனையில் 81 ஆம் எண்ணுடன் சேர்க்கப்பட்டது. ஒன்பது தாய்மார் உரிமை கொண்டாடுவதாக உலகெங்கும் செய்தி பரவியது. எனினும் நீதிமன்றத்தில் உரிமை கோரியது ஒரே தமிழ்க் குடும்பம். நீதிமன்ற ஆணைப்படி 2005 பிப்ரவரியில் கொழும்பில் சோதனை நடந்தது. பெற்றோர் அவர்களே என முடிவு வந்தது. அம்மாதம் 16 ஆம் நாள் குழந்தை அவர்கள் கையில் சேர்ந்தது.

விழுக்காட்டின் பொருள்

இச்சோதனை எந்த அளவு நம்பத்தக்கது? குழந்தையின் மரபணுவில் பாதி தாயினது, பாதி தந்தையினது. இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பர். பல இடங்களில் பொருத்தம் இல்லையெனின் அவன் தந்தையல்லன். ஓரிடத்தில் மட்டும் பொருந்தாமை முடிவாகாது; மரபணு அடுத்த தலைமுறைக்குச் செல்கையில் அரிதாகத் தானே மாறுவதும் உண்டு.

எல்லா இடமும் பொருந்தினால் “99.99 விழுக்காடு” என அறிக்கை கூறும். இதன் பொருளை நுணுகி அறிதல் வேண்டும். தொடர்பற்ற வேறொரு ஆடவனைவிட இவன் தந்தையாக இருப்பதற்குப் பதினாயிரம் மடங்கு ஆதரவு உண்டு என்பதும், சோதனைக்கு முன் இருபக்க வாய்ப்பும் சமம் எனக் கொள்ளப்பட்டது என்பதும் அதனுள் அடங்கும். ஐயத்திற்குரிய மற்றவன் இவனுடைய உடன்பிறந்தானாயின் அவ்வெண் பெரிதும் இறங்கும். ஒருகருவில் தோன்றிய இரட்டையராயின் வழக்கமான சோதனையால் பிரித்தறிய இயலாது. மேலும், மாதிரி உரியவரிடமிருந்தே எடுக்கப்பட்டதா, முத்திரை சிதையாமல் வந்ததா என்பவற்றை எண்கள் சொல்லமாட்டா. பிழை பெரும்பாலும் மரபணுவில் அன்று, மனிதர் கையில் நேர்வதே.

சட்டத்தின் தயக்கம்

2014 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின்முன் வந்த வழக்கில், கணவன் தந்தையல்லன் என்ற முதற்சோதனையை மனைவி ஐயுற்றாள். வேறொரு கூடத்தில் நடந்த மறுசோதனையும் அதனையே கூறிற்று. சட்டத்தின் ஊகமும் அறிவியலின் மெய்ப்பும் முரணும்போது மெய்ப்பே வெல்லும் என்றது நீதிமன்றம். எனினும், குழந்தை பெற்றோரின் பூசலில் பகடைக்காய் ஆகலாகாது. சோதனைக்கு வழக்கமாக ஆணையிடுதல் கூடாது என்று 2023 இல் அந்நீதிமன்றமே எச்சரித்தது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த இந்தியப் புதுச் சான்றுச் சட்டத்திலும் பழைய 112 ஆம் பிரிவு 116 ஆம் எண்ணுடன் வாழ்கிறது. மலேசியாவில் அது பழைய எண்ணிலேயே நிற்கிறது.

முறையாகச் செய்த சோதனை, குழந்தையின் மரபணு எங்கிருந்து வந்தது என்பதை ஏறத்தாழ ஐயமின்றிச் சொல்லும். அக்குழந்தையைக் காப்பது யார் கடன் என்பதை அது சொல்லாது. கல்முனையில் அறிவியல் ஒரு குழந்தைக்குப் பெற்றோரைத் தந்தது. வேறோர் இல்லத்தில் அதுவே ஒரு குழந்தையின் தந்தையைப் பறிக்கவும் கூடும். இரண்டையும் எண்ணியே நீதிமன்றம் சோதனைக்கு இசைதல் வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.