தீர்ப்பு கிடைக்காத ஊரில் ஓடிய படம்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் 'காஃபி' என்ற பழைய அமெரிக்கப் படத்தைத் திரையிட்டோம். 1973இல் வந்த படம். நர்ஸாக வேலை பார்க்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி, தன் தங்கையைப் போதைக்கு அடிமையாக்கியவர்களைத் தேடிப்போய்ச் சுடுகிற கதை. பாம் கிரியர் துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் விசில் பறந்தது. முடிந்ததும் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, இது வெறும் மசாலாப் படம்தானே? இத எதுக்கு நமக்குப் போட்டீங்க?" முதல் விசில் அடித்தவனும் அவன்தான். அன்று அவனுக்கு உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. இது அந்தப் பதில்.

காஃபிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், டெட்ராய்ட் நகரத்திலிருந்து தொடங்க வேண்டும். 1967 ஜூலையில் அங்கே போலீஸ் ரெய்டு ஒன்றில் கிளம்பிய கொந்தளிப்பு ஐந்து நாள் நீடித்தது. செத்தவர்கள் 43 பேர், அவர்களில் 33 பேர் கறுப்பர்கள். அந்த நாட்களில் அல்ஜியர்ஸ் மோட்டல் என்ற விடுதிக்குள் போலீஸ் நுழைந்து, அங்கிருந்தவர்களைச் சுவரோரம் நிற்கவைத்து அடித்தது. விடிவதற்குள் மூன்று கறுப்பின இளைஞர்கள் துப்பாக்கிச் சூட்டில் பிணமாகிக் கிடந்தார்கள். வழக்கு நடக்காமல் இல்லை. 1969இல் ஒரு போலீஸ்காரர் மீது கொலை வழக்கு. 1970இல் மூன்று போலீஸ்காரர்களும் ஒரு தனியார் காவலாளியும் சேர்ந்து சதி செய்ததாக மத்திய அரசின் வழக்கு. இரண்டும் டெட்ராய்ட்டுக்கு வெளியே, வேறு ஊர்களில் நடந்தன. இரண்டிலும் ஜூரியில் ஒரு கறுப்பர்கூட இல்லை. எல்லோருக்கும் விடுதலை.

இந்தப் பின்னணியோடுதான் 1971 மார்ச் 31ஐப் பார்க்க வேண்டும். அன்று டெட்ராய்ட்டின் கிராண்ட் சர்க்கஸ் தியேட்டரில் மெல்வின் வான் பீபிள்ஸ் எடுத்த 'ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பேடாஸ் சாங்' வெளியானது. முதலில் இந்தப் படத்தைப் போட முன்வந்தவை நாடு முழுக்க இரண்டே தியேட்டர்கள், மற்றொன்று அட்லாண்டாவில். சொந்தக் காசோடு நடிகர் பில் காஸ்பியிடம் 50,000 டாலர் கடனும் வாங்கி, 19 நாளில் படப்பிடிப்பை முடித்திருந்தார். சினிமாத் தொழிற்சங்கத்தின் கண்ணில் படாமலிருக்க, ஆபாசப் படம் எடுப்பதாகச் சொல்லிச் சமாளித்தாராம். எழுத்து, இயக்கம், எடிட்டிங், இசை, கதாநாயகன் எல்லாம் அவரே.

கதை ஒரு வரிதான். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு கறுப்பினப் போராளி இளைஞனை அடித்து நொறுக்குகிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஸ்வீட்பேக் தன் கையில் மாட்டிய விலங்காலேயே அவர்களைத் தாக்கிவிட்டு ஓடுகிறான். மீதிப் படம் முழுக்க ஓட்டம். கடைசியில் எல்லை தாண்டி மெக்சிகோ போய்ச் சேர்கிறான். உயிரோடு. அதுவரை ஹாலிவுட்டில் போலீஸ் மேல் கை வைத்த கறுப்பர் படம் முடிவதற்குள் செத்தாக வேண்டும், அதுதான் வழக்கம். பெரியவர்கள் மட்டும் பார்க்கும் 'எக்ஸ்' முத்திரை கிடைத்ததும், முழுக்க வெள்ளையர்களே அடங்கிய ஜூரி கொடுத்த முத்திரை இது என்று விளம்பரம் செய்தார் வான் பீபிள்ஸ். வேறு ஊர்க்காரர்களுக்கு அது ஒரு கிண்டல். அல்ஜியர்ஸ் தீர்ப்புகளைக் கேட்டிருந்த டெட்ராய்ட்காரர்களுக்கு 'வெள்ளை ஜூரி' என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கறுஞ்சிறுத்தைகள் கட்சித் தலைவர் ஹியூ நியூட்டன் கட்சிப் பத்திரிகையின் ஒரு இதழையே இந்தப் படத்துக்கு ஒதுக்கினார். 'எபொனி' பத்திரிகையில் வரலாற்றாசிரியர் லெரோன் பென்னட் எதிர்த்து எழுதினார்: படுக்கையறை வீரத்தால் எந்த இனமும் விடுதலை அடைந்ததில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இருவரிடமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. ஆனால் படத்தின் தொடக்கத்தில், விபச்சார விடுதியில் வளரும் சிறுவனை வளர்ந்த பெண்ணோடு காட்டும் காட்சியில் இயக்குநர் நடிக்கவைத்தது 13 வயதுத் தன் சொந்த மகனை. இதற்கு எந்தப் புரட்சி விளக்கமும் ஒட்டாது. படத்தில் பெண்கள் வெறும் உடம்பாகத்தான் வந்துபோகிறார்கள்.

படம் ஒரு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஹாலிவுட் விழித்துக்கொண்டது. வெள்ளையர்கள் புறநகர்களுக்குக் குடிபோய்விட, நகர மையத் தியேட்டர்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இருக்கைகளை நிரப்ப 'ஷாஃப்ட்', 'சூப்பர் ஃப்ளை', 'காஃபி' என்று வரிசையாக வந்தன. எடுத்த கம்பெனிகள் பெரும்பாலும் வெள்ளையர்களுடையவை. 1972இல் கறுப்பர் உரிமை அமைப்புகளே இதைச் சுரண்டல் என்று எதிர்த்தன. 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

சட்டத்தைக் கையில் எடுக்கும் இந்தப் படங்களை ஜனங்கள் ஏன் கொண்டாடினார்கள் என்பதற்குக் காஃபியிலேயே தடயம் இருக்கிறது. அவளுடைய நண்பன் நேர்மையான போலீஸ்காரன். லஞ்சம் வாங்க மறுத்ததால் அடித்து, மூளை கலங்கிக் கிடக்கிறான். காதலன் அரசியல்வாதி, மேடையில் இனத்தின் காவலன், உள்ளே போதைக் கும்பலின் கூட்டாளி. போலீஸ், தலைவர் என்று ஒவ்வொரு கதவாக மூடிக்கிடப்பதைப் படம் காட்டுகிறது. நம் பசங்கள் விசிலடித்தது ரத்தத்துக்கு என்று நான் நினைக்கவில்லை. பி.சி.ஆர். கேஸ் பதியவே நாலு நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். மூடிய கதவு அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கடைசிக் காட்சியையும் பாருங்கள். விடிகாலையில் காஃபி கடற்கரையில் தனியாக நடந்து போகிறாள். ஸ்வீட்பேக்கில் ஊரே சேர்ந்து அவனை ஒளித்துவைத்தது. இங்கே ஊரும் இல்லை, சங்கமும் இல்லை. அதே 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் மற்றத் தோழர்களும் தலித் சிறுத்தைகளைத் தொடங்கியபோது அமெரிக்காவிலிருந்து பெயர் எடுத்தது ஒரு அமைப்பிடமிருந்து.

தனி ஆள் வீரத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1974இல் சார்லஸ் பிரான்சன் நடித்த 'டெத் விஷ்' வந்தது. மனைவியைப் பறிகொடுத்த ஒரு வெள்ளைக் கட்டடக் கலைஞர் இரவில் நியூயார்க் தெருக்களில் வழிப்பறிக்காரர்களைச் சுட்டுத்தள்ளுகிறார். அதற்கும் தியேட்டரில் கைதட்டல்தான். 1984 டிசம்பரில் அதே நகரத்துச் சுரங்க ரயிலில் பெர்ன்ஹார்ட் கோயட்ஸ் என்ற வெள்ளையர், தன்னிடம் 5 டாலர் கேட்ட கறுப்பின இளைஞர்களைச் சுட்டார். நான்கு பேர் மீதும் குண்டு. ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க முடக்கம். பத்திரிகைகள் அவரை அந்தப் படத்தின் நாயகனோடு ஒப்பிட்டன, பாராட்டியவர்கள் ஏராளம். 1987இல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. தண்டனை, உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும்.

இதைப் போனில் சொன்னபோது அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ரெண்டையும் ஒரே நாள்ல போடுங்கக்கா, முதல்ல டெத் விஷ், அப்புறம் காஃபி" என்றான். அடுத்த ஞாயிறு போடுகிறோம். சப்டைட்டில் வேலையை அவனிடமே கொடுத்திருக்கிறேன்.