தைமால்: தைம் செடியிலிருந்து கொக்கிப்புழு மருந்து வரை

தைம் என்பது மத்தியதரைக்கடல் நாடுகளின் வறண்ட குன்றுகளில் வளரும் சிறு புதர்ச்செடி. துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இச்செடி அவ்வளவாக அறியப்படாதது என்றாலும், இதன் மணம் தமிழர்க்குப் புதியதன்று. அடுப்பங்கரை ஓமத்தின் மணமும் ஏறத்தாழ இதுவே. ஓமமோ கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உறவில்லாத இவ்விரு செடிகளும் உருவாக்கும் ஒரே வேதிப்பொருள்தான் தைமால்.

1719 இல் காஸ்பர் நியூமன் என்னும் ஜெர்மானிய மருந்தியலாளர் தைம் எண்ணெயிலிருந்து கற்பூரம் போன்ற படிகங்களைப் பிரித்தெடுத்தார். 1853 இல் பிரெஞ்சு வேதியியலாளர் லாலமாண் அதற்குத் தைமால் எனப் பெயரிட்டார். 10 கார்பன், 14 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட இது பினால் வகையைச் சேர்ந்தது. அறுவை மருத்துவத்தில் கிருமிகளை ஒழிக்க 1860களில் லிஸ்டர் பயன்படுத்திய கார்பாலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு எனலாம்.

தைமால் நீரில் மிகக் குறைவாகவும் கொழுப்பில் எளிதாகவும் கரையும். பாக்டீரியாவின் செல் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. தைமால் அதற்குள் நுழைந்து அதைத் தளர்த்திவிடுகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன. செல்லின் ஆற்றல் உற்பத்தி குலைகிறது. ஆனால் மனித உடலுக்குள் உறிஞ்சப்பட்ட தைமாலைக் கல்லீரல் விரைவில் வேறு சேர்மங்களாக மாற்றிவிடும். ஆகவே இது தொட்ட இடத்தில் வேலை செய்யும் மருந்து; இரத்தத்தில் கலந்து நோய் தீர்ப்பதன்று. ஆய்வகத் தட்டில் கிருமி இறந்ததைக் கண்டு எல்லாத் தொற்றுக்கும் தைம் மருந்தாகும் என எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை.

இந்தக் குணமே குடற்புழு மருத்துவத்தில் கைகொடுத்தது. 1880 அளவில் ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்ட் சுரங்கப்பாதை தோண்டிய தொழிலாளர்கள் கடும் இரத்தசோகையால் வாடினர். காரணம் கொக்கிப்புழு. அக்காலத்தில் டூரின் நகர மருத்துவர் பொட்சோலோ இந்நோய்க்குத் தைமாலைக் கொடுத்துப் பயன் கண்டார். 1909 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ராக்பெல்லர் சுகாதார ஆணையம் தென் மாநிலங்களில் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 7 இலட்சம் பேருக்குச் சிகிச்சை அளித்தது. மருந்து தைமாலும் எப்சம் உப்பும்தான். உப்பைக் குடித்துக் குடலைச் சுத்தம் செய்து, வெறும் வயிற்றில் தைமாலை விழுங்கி, பின் மீண்டும் உப்பால் பேதியாக வேண்டும். அன்று எண்ணெய்ப் பண்டமும் மதுவும் கூடா. அவற்றில் தைமால் கரைந்து இரத்தத்தில் ஏறினால் புழுவுக்கு வைத்த நஞ்சு நோயாளியைத் தாக்கும். விளக்கெண்ணெயைப் பேதிக்குக் கொடுப்பதும் இதனாலேயே விலக்கப்பட்டது.

பெயர் தைமுடையது; ஆனால் அக்காலத் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் இந்திய ஓமம். ஓம விதையில் 2 முதல் 4 விழுக்காடு எண்ணெய் உண்டு. அதில் பாதியளவு தைமால் இருக்கக்கூடும். தைமிலோ சில செடிகள் தைமாலுக்குப் பதில் லினலூல், ஜெரானியால் போன்றவற்றையே மிகுதியாகத் தருகின்றன. ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாக மாறி விற்பனைக்கு வந்தது. 1914 இல் முதல் உலகப்போர் மூண்டதும் இவ்வணிகம் அறுந்தது. 1921 இல் மாரிஸ் ஹால் கார்பன் டெட்ராகுளோரைடைக் கொக்கிப்புழு மருந்தாக அறிமுகப்படுத்தினார். அது கல்லீரலைக் கெடுப்பதால் அதுவும் நிலைக்கவில்லை.

இன்று தைமாலைப் பெரும்பாலும் மெட்டாகிரெசாலிலிருந்து செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். வாய் கொப்பளிக்கும் திரவங்களில் இது சேர்க்கப்படுகிறது. தேனீக்களைத் தாக்கும் வர்ரோவா உண்ணிகளை அழிக்க இதன் ஆவியைத் தேன்கூட்டுப் பெட்டிகளில் பரவவிடுவதும் உண்டு.