பனிச்சங்கேணியில் இறங்காதவர்கள்

புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்களின் கிழக்கிலங்கைப் பயணம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். மாமாங்கேஸ்வரர் தரிசனம், கல்லடிப் பாலத்தில் ஒரு புகைப்படம், பாசிக்குடாவில் ஒரு பகல், அதன் பின் திருகோணமலையில் கோணேசர். பாசிக்குடாவுக்கும் கோணேசர் கோயிலுக்கும் இடையில் வான் நிற்பதில்லை. காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, வெருகல் ஆகிய பெயர்ப்பலகைகள் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கான பதிலாக இதனைக் கொள்ளலாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இந்தக் கரையில் 'கேணி' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. கடலுக்கும் உவர்நீர்க் களப்புக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் நன்னீர் கிடைக்கும் இடமே குடியிருப்பாகியிருக்கிறது என்பதற்கு இப்பெயர்களை விட வேறு சான்று வேண்டியதில்லை. பனிச்சங்கேணி என்ற பெயரில் கேணியோடு பனிச்சை மரமும் சேர்ந்திருக்கிறது. பனிச்சங்காயின் துவர்ப்புச் சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்தினால் நூல் இறுகும், உப்புநீரில் எளிதில் உக்காது. நைலோன் வலை வரும் வரையில் பருத்தி வலைக்கும் சணல் வலைக்கும் அதுவே காப்பு. தோணியின் பலகை இடுக்குகளை அடைப்பதற்கும் இதன் பிசின் பயன்பட்டது. களப்பில் மீன்பிடித்து வாழ்ந்த மக்களுக்குக் குடிக்க நீரும் வலைக்குச் சாறும் ஓரிடத்தில் கிடைத்தன. ஓர் ஊர் ஏன் அவ்விடத்தில் தோன்றியது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பெயர் இப்பகுதியில் வேறில்லை என்பது என் எண்ணம்.

இங்குள்ள களப்பை மட்டக்களப்பு வாவியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது வேறு. உப்பாறு என்றும் பனிச்சங்கேணிக் களப்பு என்றும் வழங்கும் தனி நீர்நிலை. கண்டல் காடு சூழ்ந்தது. கரைக்கு அப்பால் சல்லித்தீவு என்றொரு சிறு தீவு. கடல் தணிந்திருக்கும் மாதங்களில் ஆழங்குறைந்த நீரில் நடந்தே அங்கு போய்வரலாம். ஆனால் ஊர் மீனவர் ஒருவரைக் கேட்காமல் இறங்குவது புத்திசாலித்தனமன்று.

போருக்கு முன்னர் இந்த ஏ 15 வீதியால் திருகோணமலைக்குப் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு 'பாதை'க்காகக் காத்திருக்க வேண்டும். (வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றே பெயர்.) காத்திருக்கும் நேரத்தில் தேநீர்க் கடையில் உட்காருவார்கள், ஊர்க்காரரோடு பேசுவார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் பனிச்சங்கேணி, வெருகல் உட்பட மற்ற இடங்களிலும் புதிய பாலங்கள் எழுந்தன. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய மக்களுக்கு இப்பாலங்கள் எத்தகைய வரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் வெளியூரவர் இங்கு கால் ஊன்றுவதற்கு இருந்த ஒரே காரணமும் அவற்றோடு போயிற்று. இவ்வழியை இன்றும் அடியடியாக அறிந்தவர்கள் கதிர்காம யாத்திரிகர்கள் மட்டுமே. செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அவர்கள் வெருகலைத் தாண்டி இந்தக் கரையாலேயே தெற்கே நடக்கிறார்கள்.

பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, குஞ்சங்குளம் ஆகிய ஊர்களின் பழங்குடிகள் வேடர்கள். வேடர் என்றதும் மகியங்கனைக்கு அருகே தம்பானையில் தோளில் கோடரியோடு நிற்கும் முதியவரின் படம்தான் பலருக்கும் நினைவில் எழும். கடற்கரை வேடர் என்றொரு பிரிவினர் உண்டென்பது படித்தவர் பலருக்கும் புதிய செய்தி. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய ஆய்வுநூல் அவர்களுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. அக்காலத்திலேயே அவர்கள் தமிழ் பேசினர், வலை வீசினர், அயலிலுள்ள தமிழரோடு கலந்து வாழ்ந்தனர். பிற்காலத்தில் மட்டக்களப்பின் மானிடவியலாளர் யுவி தங்கராஜா இவர்களைப் பற்றி விரிவாக எழுதினார்.

இவர்களுடைய சடங்குகளில் கப்பல் தெய்வத்துக்கு இடமுண்டு. காட்டில் வேட்டையாடியவர்களின் வழிவந்த ஒரு சமூகம், கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் வந்த தெய்வத்துக்கு ஆடிப் பாடி மடை வைக்கிறது. இந்தக் கரை எத்தனை கப்பல்களைப் பார்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வடக்கே கொட்டியாரக் குடாவில் 1660இல் பாய்மரம் பழுதுபார்க்க ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் ஆட்களைக் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைபிடித்தார்கள். அவர்களுள் ஒருவரான ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கை பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். மிக அண்மைய காலத்துக்கு வந்தால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு வடக்கே கடலடியில் கிடக்கிறது. சுழியோடிகள் இன்று அதைப் பார்க்க வருகிறார்கள். அருகிலுள்ள காயாங்கேணியின் பவளப்பாறைகள் 2019இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டன.

கதிரவெளிக்கு வருவோம். இலங்கையின் பெருங்கற்கால ஈமச் சின்னங்களைப் பற்றிய ஆய்வுகளில் பொம்பரிப்பு, இபன்கட்டுவ ஆகிய பெயர்களோடு கதிரவெளியின் பெயரும் இடம்பெறுகிறது. இபன்கட்டுவவுக்கு வழிகாட்டிப் பலகை உண்டு, வேலி உண்டு, உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். கதிரவெளிக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. நாட்டின் செய்தித்தாள்களில் இவ்வூரின் பெயர் பெரிதாக வந்தது 2006 நவம்பர் 8ஆம் திகதியை ஒட்டித்தான். இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதற்கு இரண்டாண்டுகளுக்குக்கூட முன்னரல்ல, 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலை இதே கரையை அள்ளிச் சென்றிருந்தது. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்கு வந்தபோது மக்கள் காடும் களப்பும் கடந்து வாழைச்சேனைப் பக்கமாக வந்து சேர்ந்தார்கள். நான் பத்திரிகை மேசையில் இருந்த அந்த ஆண்டுகளில் வாகரை என்ற சொல் ஓர் எண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டுதான் வரும்: இத்தனை குடும்பங்கள், இத்தனை சடலங்கள், இத்தனை கூடாரங்கள். எண்கள் நின்றதும் ஊரும் பக்கங்களிலிருந்து மறைந்துவிட்டது.

இங்கிலாந்தின் சஃபோக் கரையில் டன்விச் என்றொரு கிராமம் உண்டு. மத்திய காலத்தில் பெரும் துறைமுகம். 1286இலும் 1328இலும் வீசிய புயல்களில் தொடங்கிக் கடல் அதைச் சிறிது சிறிதாகத் தின்றது. எஞ்சியிருந்த ஒரு தேவாலயமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறை விளிம்பிலிருந்து கடலுக்குள் சரிந்தது. அங்கு இன்று கண்ணால் பார்க்க ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருந்தும் மக்கள் போகிறார்கள். காரணம், இல்லாமற்போனதை எழுதி வைத்திருக்கிறார்கள். பெவ்ஸ்னர் என்ற கலை வரலாற்றாசிரியர் 1951 முதல் 1974 வரை மாவட்டம் மாவட்டமாக இங்கிலாந்தின் கட்டடங்களைப் பதிவு செய்து நூல்வரிசையே வெளியிட்டார். குக்கிராமத்துத் தேவாலயத்துக்கும் அதில் ஒரு பந்தி உண்டு. நமக்கு எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய ஆங்கில நூலும், பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) நூலும் இருக்கின்றன. இரண்டும் அரிய உழைப்பு. ஆனால் இரண்டின் கனமும் மட்டக்களப்பு நகரையும் அதன் தெற்கையும் சார்ந்தே விழுகிறது. வடக்கே உள்ள இந்தக் கரைக்கென ஊர் ஊராக ஒரு நூல் இன்னும் எழுதப்பட வேண்டும்.

வெருகல் இவற்றுள் ஓரளவு அதிர்ஷ்டம் செய்தது. மகாவலியின் கிளையாறு கடலை நோக்கிச் செல்லும் வழியில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு மட்டக்களப்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் அடியார் திரள்கின்றனர். தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் இத்தல இறைவன் மீது பாடிய 'வெருகல் சித்திரவேலாயுதர் காதல்' ஈழத்தின் காதல் பிரபந்தங்களில் குறிப்பிடத்தக்கது. வன்னியர் காலத்து இரு பிரதேசங்களும் சந்திக்கும் எல்லை இந்த ஆறு. 2004 ஏப்ரலில் புலிகள் இரண்டாகப் பிரிந்து மோதியதும் இதே ஆற்றங்கரையில்தான். கோயிலுக்கு வருவோரில் இளைய தலைமுறையினருக்கு அது தெரியாது. தெரிந்த முதியவர்கள் பேசுவதில்லை.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கதிரவெளியின் மணலில் இல்மனைற் இருக்கிறது. களப்போரம் இறால் பண்ணைக்கு ஏற்றது என்கிறார்கள். கனிய மணல் அகழ்வுக்கு எதிராக ஊர்மக்கள் கொடி பிடித்து வீதியில் நின்ற செய்திகள் அண்மைய ஆண்டுகளில் பலமுறை வந்தன. நிலத்தடி நன்னீர் உவராகிவிடும் என்பது அவர்களின் முதல் அச்சம். ஊர்ப்பெயர்களில் உள்ள கேணிகளை நினைத்தால் அந்த அச்சத்தின் வயது விளங்கும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஆளில்லாத பற்றைக்காடு, அரச காணி. மணலை வாரும் இயந்திரம் ஈமத்தாழியையும் சிப்பியையும் வேறுபிரித்து அறியாது. ஈமத்தாழி இருந்தது என்று எழுதி வைத்த காகிதம் இருந்தால்தான் எவராவது இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல முடியும்.

போக விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் வெள்ளமும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. வாழைச்சேனையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். பனிச்சங்கேணிப் பாலத்தின் இக்கரையில் வானை நிறுத்தி, அதை அக்கரைக்கு அனுப்பிவிட்டு, நடந்தே பாலத்தைக் கடவுங்கள். அதிகாலையில் என்றால் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுபவர்களைக் காணலாம். வலை நைலோன்தான். பனிச்சை மரம் எங்கே நிற்கிறது என்று அவர்களையே கேளுங்கள்.