புக்கில் யாருடைய பெயர்?



கண்டியில் பழைய வீடுகள் சிலவற்றின் கராஜ் கதவுகள் இப்போது திறக்கின்றன. வாப்பாவோ மூத்தவாப்பாவோ வாங்கி, ரெக்சின் போட்டு மூடி வைத்திருந்த கார் வெளியே வருகிறது. மொரிஸ் மைனர் என்றால் யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். நீண்ட முகமும் இரண்டு கதவுகளுமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் ஊரே எட்டிப் பார்க்கும். பிறகு யாராவது ஒருவர் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் வருவார்: "சேர், விக்கப் போறோம், ஒரு ரிசீட் எழுதித் தாங்க." நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். ரிசீட் எழுத உட்காரும்போது காரின் புக்கைக் கேட்டு வாங்குவோம். அந்தப் புக்கில் நம் நாட்டின் கதை இருக்கிறது என்பதால்தான் இந்தப் பதிவு.

இலங்கையில் ஆளுக்கு ஆள் கைமாறிய பழைய கார்களில் ஆகப் பிரபலமானது 12 பவுணுக்கு விலைபோன ஒன்று. 1940இல் இங்கே கடற்படையில் இருந்த ஓர் இளைஞர் 1935ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் நைன் கார் ஒன்றை வாங்கினார். அவர்தான் பின்னாளில் எலிசபெத் மகாராணியின் கணவரான இளவரசர் பிலிப். அந்தக் கார் இன்றும் கொழும்பு கோல்ஃபேஸ் ஹோட்டலில் காட்சிக்கு நிற்கிறது. சாதாரணக் கார்தான். அதை விற்ற மனிதர் இன்னும் சில வருடம் பொறுத்திருக்கலாமே என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் மலைநாட்டுக்கு வந்தது தோட்டத் துரைமாரோடு. இலங்கை ஒட்டோமொபைல் சங்கம் 1904இலேயே தொடங்கிவிட்டது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் ஆரம்பமானது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வருகிறவர் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். 1820களில் ஆளுநர் பார்ன்ஸின் காலத்தில் கப்டன் டோசன் போட்ட ரோட்டு அது. மாட்டு வண்டிக்குப் போட்ட வளைவுகளில் கார்கள் சூடேறி நின்றன. இன்றைக்கும் பழைய கார் வாங்க வருகிறவர் விஷயம் தெரிந்தவர் என்றால், கண்டி வாவியைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசை எண்ண மாட்டார். கடுகண்ணாவைக்கு இறங்கி ஏறிப் பார்ப்பார். ரேடியேட்டரும் பிரேக்கும் அங்கே உண்மையைச் சொல்லிவிடும்.

இனி நம்பர் பிளேட். 1950களின் நடுப்பகுதி வரை பதிவான கார்களில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. பண்டாரநாயக்க அரசு அதை மாற்றிச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைக் கொண்டுவந்தது. 1957இலும் 1958இலும் வடக்கு கிழக்கில் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள், தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துப் பலகைகள் மீது தார் பூசப்பட்டது. 1958 ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிபட்டது, மே மாதம் கலவரம் வந்தது. ஒரேயோர் எழுத்துக்காக இவ்வளவு. பிற்காலத்தில் ஸ்ரீ போய்ச் சிறு கோடு வந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து மறுபடி ஆங்கில எழுத்துகள். அன்று தார் பூசப்பட்ட அதே எழுத்தை இன்று விளம்பரத்தில் "ஒரிஜினல் ஸ்ரீ நம்பர்" என்று பெருமையாகப் போடுகிறார்கள். அதற்கென்று கூட விலை கேட்பவர்களும் உண்டு.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் காட்டப்பட்டது. உலகமே அதைப் பார்த்து வாய்பிளந்த அந்த வருடங்களில்தான் இலங்கை அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதியை இறுக்கியது. அப்படியானால் அறுபதுகளின் ஒரு சொகுசுக் கூப்பே கண்டிக்கு எப்படி வந்தது? வந்தவை மிகக் கொஞ்சம். ஏற்கெனவே இங்கு இருந்தவையும் கைமாறின. துரைமார் ஊர் திரும்பும்போது, செலாவணிக் கட்டுப்பாட்டினால் காசை நினைத்தபடி கொண்டுபோக முடியாத காலம். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசிடம் போயின. பங்களாவோடு சேர்ந்து காரும் இங்கேயே நின்றது. வாங்கியவர்கள் டாக்டர்மார், அப்புக்காத்துமார், நம் வியாபாரிகள்.

வாங்கிய பிறகுதான் கஷ்டம். 1973இல் பெற்றோல் விலை உலகெங்கும் ஏறியது. உதிரிப்பாகம் வரவில்லை. கராஜ் பாஸ்மார் இரும்பை அடித்தும் கடைந்தும் இல்லாத பாகத்தை உண்டாக்கினார்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்குப் பொருந்தியது. நாங்கள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கைகள் இல்லாவிட்டால் இந்தக் கார்கள் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஆனால் அதன் விளைவு இன்று விற்கிறவர் தலையில் விழுகிறது: புக்கில் ஓர் எஞ்சின் நம்பர், பொனட்டைத் திறந்தால் வேறு நம்பர். ஜப்பான் எஞ்சின் போட்ட இங்கிலாந்துக் கார் ஓடுவதற்கு நல்லது, ஆனால் பழைய கார் சேகரிப்பவர் அதற்குப் பாதி விலையும் தரமாட்டார். முதலிலேயே சொல்லிவிட்டால் பேரம் நடக்கும். மறைத்தால் பதிவு மாற்றப் போகும் இடத்தில் வெளிப்படும்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்தார். டொலர் 8 ரூபாய் அளவிலிருந்து 16 ரூபாய் அளவுக்குப் போனது, ஆனாலும் ஜப்பானின் ரீகண்டிஷன் கார்கள் வந்து குவிந்தன. பழைய கூப்பேயை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிறையக் கார்கள் இரும்பு விலைக்குப் போனது அந்தக் காலத்தில்தான். மூடிய காலம் காப்பாற்றிய கார்களைத் திறந்த காலம் அழித்தது.

2020 மார்ச்சில் கதவு மறுபடி மூடியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் பாவித்த கார் விலைபோன வினோதத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பவும் தொடங்கியது, வரி மட்டும் தலைசுற்ற வைக்கும் அளவு. இப்படி மூடித் திறக்கும் நாட்டில், கராஜில் நிற்கும் பழைய கார் நகை மாதிரி ஒரு சேமிப்பு. அதனால்தான் அதை விற்கும்போது வீட்டில் சண்டையும் வருகிறது.

இங்கேதான் ஓப்பன் பேப்பர் என்ற வியாதியைச் சொல்ல வேண்டும். விற்கிறவர் கைமாற்றப் படிவத்தில் வெறுமையாகக் கையொப்பம் வைப்பார். வாங்குகிறவர் தன் பெயரைப் போடாமல் அடுத்தவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு. புக்கில் ஆட்களின் எண்ணிக்கை கூடினால் விலை குறையும், கட்டணமும் மிச்சம் என்பது புரோக்கரின் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். உரிமை மாறினால் 14 நாட்களுக்குள் விற்றவரும் அறிவிக்க வேண்டும், வாங்கியவரும் விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் எம்.டீ.ஏ. 6, வாங்கியவர் எம்.டீ.ஏ. 8. இதைச் செய்யாமல் விட்டால் கார் எங்கோ ஒருவரை மோதிவிட்டுப் போனாலும் பொலிஸ் முதலில் தேடி வருவது புக்கில் பெயர் இருப்பவரை.

நம்மவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குர்ஆனின் ஆக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது. அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபியவர்களின் (ஸல்) சம்பவம் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். பொடி ஃபில்லர் பூசிப் பெயின்ட் அடித்த துருவும் அந்த ஈரம்தான். "லேடி டொக்டர் பாவித்தது" என்று விளம்பரம் போடுகிறவர் அந்த டொக்டரின் பெயர் புக்கில் எங்கே என்று கேட்டால் கோபிக்கக் கூடாது.

ஆகச் சிக்கலானது, புக்கில் இருக்கும் பெயர் மௌத்தானவருடையது என்றால். அந்தக் கார் மூத்த மகனுடையது அல்ல, சாவி அவரிடம் இருந்தாலும். கடனும் வஸிய்யத்தும் போக மீதி எல்லோருக்கும் பங்கு: உம்மாவுக்கு, ஆண் மக்களுக்கு, கல்யாணம் முடித்து மாத்தளையிலோ அக்குறணையிலோ இருக்கும் பெண் மக்களுக்கும். ஓப்பன் பேப்பர் பழக்கம் அதிகம் விழுங்கியது அந்தப் பெண்களின் பங்கைத்தான் என்பது எங்கள் எண்ணம். வாப்பா முன்கூட்டியே வெறும் படிவத்தில் வைத்துவிட்டுப் போன கையொப்பம் இருந்தால், தங்கச்சிமாரிடம் கேட்கும் தேவையே இல்லாமல் காரை விற்றுவிடலாம் அல்லவா?

ஆகவே அப்படி வரும் ரிசீட்டுகளை நாங்கள் எழுதுவதில்லை. மரணச் சான்றிதழையும் வாரிசுகளின் ஆவணங்களையும் கொண்டுவரச் சொல்வோம். பிறகு எஞ்சின் நம்பர், செசி நம்பர், மைல் கணக்கு, தெரிந்த குறைகள், விலை, கொடுத்த நேரம் வரை எழுதுவோம். நேரத்தை எழுதச் சொல்வது, அன்று மாலையே பேராதனை ரோட்டில் ஏதும் நடந்தால் யார் கையில் கார் இருந்தது என்று தெரிவதற்கு. கடைசியாக உம்மாவும் பெண் மக்களும் வைக்கும் கையொப்பம். அதற்கு இடம் போதாமல் தாளைத் திருப்ப வேண்டி வந்ததும் உண்டு.