திக்பாய்: ஊர்ப்பெயரும் உழைத்த கைகளும்

ஊர்ப்பெயர்களுள் வரலாறு உறங்குகிறது என்பர். சில வேளைகளில் அங்கு உறங்குவது கட்டுக்கதையாகவும் இருக்கக்கூடும். அசாமின் கிழக்கு மூலையிலுள்ள திக்பாய் இதற்குத் தக்கதொரு சான்று.

1881இல் தோன்றிய அசாம் இரயில்வே வாணிகக் குழுமம், பிரம்மபுத்திரக் கரையிலுள்ள திப்ருகரிலிருந்து மார்கெரிட்டா நிலக்கரிப் பகுதிக்குக் காடு திருத்தி இருப்புப்பாதை அமைத்தது. தேயிலையும் நிலக்கரியும் படகுத்துறை சேர வேண்டும் என்பதே நோக்கம். மரம் இழுத்துத் திரும்பிய யானைகளின் கால்களில் எண்ணெய் படிந்திருந்ததாகவும், அதுகண்ட வெள்ளைக்காரப் பொறியாளர் "டிக் பாய், டிக்" என்று கூவியதாகவும், அக்கூவலே ஊர்ப்பெயராயிற்று என்றும் கதை வழங்குகிறது.

கதை சுவையானதுதான். ஆயினும் அப்பகுதியில் எண்ணெய்க் கசிவு முன்பே அறியப்பட்ட செய்தி. அருகிலுள்ள மாக்கூமில் 1867இலேயே துளையிட்டு எண்ணெய் கண்டிருந்தனர். மேலும், திக்பாய் என்பது அங்கு ஓடும் ஆற்றின் பெயருமாகும். திகிங், திப்ரு, திசாங் என அந்நிலத்து ஆறுகள் பலவும் 'தி' என்றே தொடங்குகின்றன. போடோ இன மொழிகளில் அவ்வொலி நீரைக் குறிக்கும். ஆற்றின் பெயர் ஆங்கில ஆணைக்கு மூத்ததாகவே இருத்தல் வேண்டும்.

1889இல் தோண்டத் தொடங்கிய முதற்கிணறு, மறு ஆண்டில் 662 அடி ஆழத்தில் நிறைவுற்றது. 1901இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. 1921இல் நிருவாகம் பர்மா எண்ணெய்க் குழுமத்தின் கைக்குச் சென்றது. குன்றுகளின் மேல் அதிகாரிகளின் மாளிகைகள் அமைந்தன. தொழிலாளர்க்கு நெருக்கமான வரிசை வீடுகள் வாய்த்தன.

1939 ஏப்ரலில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். செப்டம்பரில் உலகப்போர் மூண்டது, எண்ணெய் போர்ப்பொருளாயிற்று. போர்க்காலச் சட்டத்தின் முன் அப்போராட்டம் தோல்வியுற்றது. ஆயினும் இந்தியத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் அதற்கு நிலையான இடமுண்டு.

1981இல் நிறுவனம் நாட்டுடைமையாகி இந்தியன் ஆயிலுடன் இணைந்தது. ஆலை இன்றும் இயங்குகிறது. முதற்கிணறு அருங்காட்சியகத்தில் போற்றப்படுகிறது. வருவோர்க்கெல்லாம் யானைக் கதை சொல்லப்படுகிறது.

அக்கதையில் யானைக்கு இடமுண்டு, துரைக்குக் குரலுமுண்டு. மண்வெட்டி பிடித்தவனோ பெயரற்ற 'பாய்' மட்டுமே. ஏவியவன் சொல்லை ஊரின் பெயராக்கிய கற்பனை, தோண்டியவனை அடையாளமின்றி விட்டுவிட்டது. சொல்லின் ஆற்றல் அறிந்த கவிஞர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது. அழகிய கதை ஒன்று செவியில் விழும்போது, அதில் பேசாதவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.