நெடுந்தூரத் துப்பாக்கிப் போட்டி: நடுவுநிலையும் விறுவிறுப்பும்

போட்டி எதுவாயினும் அதற்கு இரு பண்புகள் இன்றியமையாதன. ஒன்று, ஆற்றல் மிக்கவனே வெல்லும்படி அமைந்த நடுவுநிலை. மற்றையது, வெற்றி எவர்க்கு என்பது இறுதிவரை தெரியாதிருக்கும் விறுவிறுப்பு. இவ்விரண்டும் தம்முள் முரண்பட்டன போலத் தோன்றும். நடுவுநிலை வேண்டின் பலமுறை சுடுவித்தல் வேண்டும். தற்செயலாய் வாய்க்கும் பேறுகள் அவற்றுட் கரைந்து போகும். விறுவிறுப்பு வேண்டின் ஒரே குண்டில் யாவும் முடிதலே நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுந்தூரத் துப்பாக்கிப் போட்டிகளை வகுத்தோர் இவ்விரண்டையும் இணைத்த வகை ஆராயத்தக்கது.

பிரித்தானியாவின் தேசிய றைபிள் சங்கம் 1859ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மறு ஆண்டு யூலை 2ஆம் நாள் விம்பிள்டன் வெளியில் முதற் போட்டி விழாவை விக்ரோறியா மகாராணியார் தொடக்கிவைத்தார். தாங்கியிற் பொருத்திய துப்பாக்கியின் கயிற்றை அவர் இழுக்க, 400 யாருக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவிற் குண்டு பட்டது. அது சடங்கு. போட்டியாளரோ தம் மூச்சோடும் காற்றோடும் வெயிலோடும் போராட வேண்டியவராயினர்.

மகாராணியார் பரிசுக்குரிய போட்டி இரு கட்டங்களாக வகுக்கப்பட்டது. முதலாவது 300, 500, 600 யார்த் தூரங்களிலும், இரண்டாவது 800, 900, 1000 யார்த் தூரங்களிலும் நிகழ்ந்தது. அணுக்கத் தூரம் கையின் உறுதியைச் சோதிப்பது. சேய்மைத் தூரம் காற்றை அளந்தறியும் மதியைச் சோதிப்பது. அக்காலத்துக் குண்டு 1000 யாரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி சென்றது. அதற்கிடையிற் காற்று அதனைப் பல அடி ஒதுக்கிவிடக் கூடும். ஆகவே தூரம் கூடுந்தோறும் சோதனை கடினமாவது மட்டுமன்றி, வேறொரு திறனை வேண்டுவதாகவும் மாறியது. முதற் கட்டம் பலரைச் சலித்தெடுக்க, இரண்டாவது கட்டம் எஞ்சிய சிலருள் வல்லவரைக் காட்டியது.

இம்முறையின் சிறப்பு 1874ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26ஆம் நாள் நியூயோர்க்கை அடுத்த கிறீட்மூரில் நன்கு விளங்கிற்று. முந்திய ஆண்டு எல்க்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்தர் அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தனர். பக்கத்துக்கு அறுவர்; 800, 900, 1000 யார்த் தூரங்களில் ஒருவர்க்குப் பதினைந்து பதினைந்து குண்டுகள். துப்பாக்கியின் நிறை 10 இறாத்தலுக்கு மேற்படலாகாது. அயர்லாந்தர் வாய்வழி மருந்திடும் றிக்பித் துப்பாக்கியையும், அமெரிக்கர் பின்புறம் குண்டிடும் றெமிங்ரன், சார்ப்ஸ் துப்பாக்கிகளையும் கையாண்டனர்.

அயர்லாந்தர் 931 புள்ளிகளோடு முடித்தனர். அமெரிக்கர் பெற்றவை 930. எஞ்சியது கேணல் ஜோன் போடைனின் ஒரு குண்டு. சற்று முன்னர்ப் பானப் போத்தலொன்று வெடித்து அவர் கையைக் காயப்படுத்தியிருந்தது. குருதி கசிந்த கையைத் துணியாற் சுற்றிக்கொண்டு அவர் சுட்டார். குண்டு நடுவிற் பட்டது. நான்கு புள்ளிகள் சேர, 934 பெற்று அமெரிக்கர் வென்றனர். இரு பக்கத்தாரும் சுட்ட 540 குண்டுகளில் இறுதிக் குண்டே முடிவு கூறிற்று. இவ்விறுவிறுப்பு எவரும் புனைந்ததன்று. சமமான விதி சமமான திறனைச் சந்தித்ததன் விளைவாகும்.

அதே நாளில் விதியின் கடுமையும் புலனாயிற்று. அயர்லாந்து வீரர் மில்னரின் குண்டொன்று நடுவிற் பட்டது; ஆனாற் பட்டது அயலார் இலக்கில். அதற்குப் புள்ளி வழங்கப்படவில்லை. அந்த நான்கும் சேர்ந்திருப்பின் அயர்லாந்து 935 பெற்று வென்றிருக்கும். கடல் கடந்து வந்த விருந்தினர்க்கு இரங்கி விதியைத் தளர்த்தியிருப்பின் போட்டி பொருளற்றதாகியிருக்கும்.

எனினும் விதி தானே நேர்மையுடையதா என்னும் வினா எஞ்சியது. அன்றைய இலக்கின் நடுப்பகுதி மூன்றடிச் சதுரம். மையத்திலிருந்து பக்கவாட்டில் 19 அங்குலம் விலகிய குண்டுக்கு மூன்று புள்ளி. சதுரத்தின் மூலையில் 25 அங்குலம் விலகிய குண்டுக்கோ நான்கு. மையத்துக்கு அணித்தாய்ச் சுட்டவன் குறைவாய்ப் பெறுதல் முறையாகாது. 1876ஆம் ஆண்டில் ஐந்து நாட்டு அணிகள் பங்குபற்றிய பால்மாப் போட்டியில் நடுப்பகுதி 36 அங்குல விட்டமுள்ள வட்டமாயிருந்தது. அணிக்கு எண்மர், ஒரு நாட் காற்றே முடிவு செய்யாவண்ணம் இரு நாட் போட்டி. அமெரிக்கர் 3126 புள்ளியும் அயர்லாந்தர் 3104 புள்ளியும் பெற்றனர். அளவுகோல் செம்மையுற்ற பின்னரும் வேறுபாடு 22 புள்ளியே.

1890ஆம் ஆண்டில் விம்பிள்டன் விழா பிஸ்லிக்கு மாறியது. அங்கே 1930ஆம் ஆண்டு மன்னர் பரிசை மார்ஜறி பொஸ்ரர் என்னும் பெண்மணி 280 புள்ளிகள் பெற்று வென்றார்; அடுத்தவர் பெற்றவை 279. அப்பரிசை வென்ற முதற் பெண் அவரே. அவர்க்கெனத் தூரம் குறைக்கப்படவுமில்லை, இலக்குப் பெருக்கப்படவுமில்லை. சுடுபவர் யார் என்று வினவாது, குண்டு எங்கே பட்டது என்று மட்டும் வினவும் அளவுகோலே அவர்க்கு வழி திறந்தது. நடுவுநிலை பேணப்பட்ட களத்தில் விறுவிறுப்பைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. அது தானே வந்து சேரும்.